இனிஷியலுக்குப் பின்னால் இருப்பவர் யார்? குடும்ப வேரைத் தேடுவது எப்படி?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் யாரிடமாவது ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் திருநெல்வேலி, தஞ்சாவூர், விழுப்புரம் என்று சட்டென பதில் வரும். ‘கொள்ளுத் தாத்தா பேர் என்ன?’ என்று கேட்டால், ‘அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பவர்களே அதிகம். அந்தப் பெயரைத் தேடிப்போவதை விடுமுறை நாள் பொழுதுபோக்காகவே செய்யலாம். எங்கே ஆரம்பிப்பது?

நமக்கு மட்டும் ஏன் கஷ்டம்?

பிரிட்டனில் ஒரே குடும்பப் பெயர் பல தலைமுறைக்குத் தொடரும். 100 ஆண்டுகள் கடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் வீட்டையே தேடிப் பார்க்கலாம். இங்கே இனிஷியல் ஒரு தலைமுறைக்குத்தான். மு.செல்வத்தின் மகன் செ.கார்த்திக். அந்த ‘மு’ யார் என்று கார்த்திக்கின் பிள்ளைகளுக்கு எந்தச் சான்றிதழும் சொல்லாது. கணக்கெடுப்பில் தனிநபர் தந்த விவரங்களை 1948-ம் ஆண்டுச் சட்டப்படி மற்றவர்கள் பார்க்கவும் முடியாது.

பெயரைவிட ஊர் முக்கியம்

தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பாருங்கள். 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1.52 லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், கிராமம் எல்லாம் எழுதப்பட்டன. அவர்களின் வாரிசுகள் அதை வைத்துத்தான் இன்று ஊரைத் தேடுகிறார்கள். கடல் கடந்தவர்களுக்குப் பதிவு இருக்கிறது. ரயிலேறி தாம்பரம் வந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆகவே, முதலில் கிராமத்தின் பெயரை உறுதி செய்யுங்கள். மாவட்டத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். தாம்பரமே 1997-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டுக்கு வந்தது. உங்கள் ஊருக்கும் இது நடந்திருக்கலாம்.

வீட்டிலேயே இருக்கும் ஆதாரங்கள்

* கல்யாணப் பத்திரிகை: பழைய பத்திரிகைகளில் ‘இன்னாரின் பேரனும், இன்னாரின் மகனுமான’ என்று ஊரோடு அச்சிட்டிருப்பார்கள். ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.
* மொய் நோட்டு: எந்த ஊரில் எந்தச் சொந்தம் என்பது இதில் இருக்கும்.
* மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம்: தந்தை பெயர், கிராமம், அண்ணன் தம்பிகள் பெயர் வரிசையாக வரும்.
* குலதெய்வக் கோயில் வரி நோட்டு: தலைக்கட்டு வாரியாகப் பங்காளிகளின் பெயர் இருக்கும்.
* தேவாலயப் பதிவேடு: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் கைகொடுக்கும்.

கவனம்: பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள். தந்தை பெயரையும் ஆண்டையும் ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள்.

கிராமம் தெரிந்த பிறகு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். 1909-ல் உருவான இங்கே பழைய நிலப் பதிவேடுகள் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து ஒரே மின்சார ரயில்தான். ஆனால் ஊர், தாலுகா தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

காணாமல் போகும் பாட்டிகள்

இந்த ஆவணங்களில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான் இருக்கும். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகள்கள் பெயரைப் பார்ப்பது அரிது. பாட்டியின் பிறந்த வீடு, அவருடைய அம்மா பெயர், ‘எங்க அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர்’ இதெல்லாம் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது.

அதனால் வேலையின் வரிசை இதுதான்: முதலில் பெரியவர்கள், பிறகு பீரோ, கடைசியில் அலுவலகம். காப்பகத்தில் இருக்கும் தாள் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். 85 வயதுப் பாட்டியின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆல்பத்தை அவர் மடியில் வைத்து, போனில் ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள். ‘பாட்டி, இது யாரு?’ என்ற ஒரு கேள்வி போதும்.