சூடு ஏறினால் அம்மோனியா ஏன் குறைகிறது?

அடுப்பைக் கூட்டினால் சமையல் சீக்கிரம் முடியும். வேதிவினையும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. வேகத்தைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் முன்னும் பின்னும் நடக்கக்கூடிய மீள்வினையில், வெப்பநிலை சமநிலை அமையும் இடத்தையே மாற்றிவிடுகிறது. நைட்ரஜன் டைஆக்சைடு அடைத்து மூடிய கண்ணாடிக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்தால் செம்பழுப்பு நிறம் வெளிறிப்போகும். வெந்நீரில் இறக்கினால் பழுப்பு மறுபடி அடர்ந்து வரும். உள்ளே எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. மூலக்கூறுகள் குளிரில் இரண்டிரண்டாக இணைகின்றன, சூட்டில் பிரிகின்றன, அவ்வளவுதான்.

இதற்குப் பள்ளிப் பாடம் சொல்லும் விடை, பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் 1884-இல் வகுத்த கொள்கை: சமநிலையைக் குலைத்தால், அந்தக் குலைவைத் தணிக்கும் பக்கம் வினை நகரும். திசையை அது சரியாகவே காட்டுகிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவருக்கு விஷயத்தின் அழகே கைநழுவிப் போகிறது. காரணம் வெப்ப இயக்கவியலில் இருக்கிறது. ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியாவாகச் சுருங்கும்போது, என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கெல்வினுக்குச் சுமார் 200 ஜூல் குறைகிறது. சூழலையும் சேர்த்த மொத்த என்ட்ரோபி குறையக் கூடாது; அந்த இழப்பை ஈடுகட்டுவது, வினை வெளியே விடும் 92 கிலோஜூல் வெப்பம். அது சூழலின் என்ட்ரோபியை எவ்வளவு கூட்டும் என்பது, வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் தெரியும். 300 கெல்வினில் 300 ஜூலுக்கும் மேல். ஈடுகட்டி மிச்சமும் உண்டு. 700 கெல்வினில் 130 ஜூல் அளவே, போதாது. (சூடு ஏறும்போது 92-உம் 200-உம் சற்றே மாறும், முடிவு மாறாது.) எவ்வளவு நகரும் என்ற கணக்கைத் தருவது வான்ட் ஹாஃப் சமன்பாடு.

அப்படியானால் அம்மோனியா தயாரிக்கும் உர ஆலைகள் ஏன் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் உலையை ஓட்டுகின்றன? நைட்ரஜனின் முப்பிணைப்பு அவ்வளவு உறுதியானது. குளிரில் வினை அசையவே அசையாது. நல்ல வினைவேக மாற்றி இருந்தால் சமநிலையையும் நகர்த்தலாமே என்ற வாதமும் நிற்காது. இரும்பு மாற்றி இரு திசைகளையும் ஒரே அளவில்தான் விரைவுபடுத்தும். ஒரு பக்கத்துக்கு மட்டும் அது சாதகம் செய்தால், அதைப் போட்டும் எடுத்தும் ஒரே வெப்பநிலையில் ஓயாமல் வேலை வாங்கலாம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதற்கு இடம் தராது. எனவே இந்தத் தயாரிப்பு முறையை உருவாக்கிய ஹேபரும் பாஷும், மூலக்கூறுகள் குறையும் பக்கம் வினையைத் தள்ளும் உயர் அழுத்தத்தை நாடினார்கள். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. 200 வளிமண்டல அழுத்தத்திலும்கூட, 500 டிகிரியில் சமநிலைக் கலவையில் அம்மோனியா ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. அதனால் இன்றும், ஒவ்வொரு சுற்றிலும் உருவாகும் அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தெடுத்து, மீதி வாயுவை மறுபடி உலைக்கே அனுப்புகிறார்கள்.