வினாவுக்கு உட்படும் வித்தை

பிரின்ஸ்டனில் ஓராண்டுக் காலம் தங்கி, அங்கே நடைபெற்ற கருத்தரங்குகளின் சுவையை அறிந்து சென்னைக்குத் திரும்பிய பௌதிக அறிஞர் அல்லாடி ராமகிருஷ்ணன், 1959ஆம் ஆண்டில், மயிலாப்பூர் லஸ் வட்டாரத்தில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்னும் தம் குடும்ப இல்லத்திலேயே மாணவர்களைக் கூட்டிப் பௌதிகக் கருத்தரங்கு ஒன்றைத் தொடங்கினார். 1960 ஜனவரியில் பௌதிக மேதை நீல்ஸ் போர் அங்கே வந்து, அந்த மாணவர்களோடு அளவளாவி, அச்சிறு குழுவைப் பத்திரிகையாளரிடம் மனமுவந்து பாராட்டினார். அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவும் பிரதமர் நேருவின் சம்மதமும் அதைத் தொடர, 1962 ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. கட்டடத்துக்கு முன்பே கேள்வி பிறந்துவிட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னைப் பெரிதும் கவரும் அம்சம். தியாகராய நகரில் 1989இல் சி.எஸ். சேஷாத்திரி எளிய அளவில் தொடங்கிய கணிதப் பள்ளியும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

கருத்தரங்கில் கூடிக் கேள்வி கேட்கும் அந்த வழக்கம் இன்று அடையாற்றில், 1959இலேயே தோன்றிய ஐ.ஐ.டி. வளாகத்தில், செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய சாஸ்திரத்துக்குப் பயன்படுகிறது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் கைடும் சக மாணவர்களும் பிற துறையினரும் அமர்ந்திருக்கும் அறையில், தாம் பயிற்றிய மாடல் என்ன செய்கிறது, எதைக் கொண்டு பயிற்றினார், முன்னிருந்த முறைகளைவிட எவ்வளவு மேம்பட்டது என்று ஸ்லைடுகளைக் காட்டி விளக்குகிறார். கணிதத்தில் நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கரும்பலகையிலேயே சோதித்துவிடலாம். இங்கேயோ கோடிக்கணக்கான எண்களுக்குள் நிகழ்வது கண்ணுக்குப் புலப்படாமையால், கடைசியில் ஓர் அட்டவணைதான் சபையின் முன் நிற்கிறது. அட்டவணை எளிதில் மயக்கும். ஆகையால்தான் இந்தத் துறைக்குக் கேள்வி மற்றெல்லாத் துறைகளையும்விட அவசியமாகிறது.

தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் பிழை விகிதத்தைக் கணக்கிட, மாற்றி எழுதிய சொற்கள், விட்டுவிட்ட சொற்கள், வீணாகச் சேர்த்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, மூலத்திலுள்ள சொற்களின் தொகையால் வகுக்கிறார்கள். மூலத்தில் ‘வந்துவிட்டான்’ என்று ஒரே சொல்லாக இருக்க, மாடல் ‘வந்து விட்டான்’ என்று பிரித்து எழுதினால், காதில் விழுந்ததில் எள்ளளவும் குறையில்லாதிருந்தும், ஒரு சொல்லுக்கு இரண்டு பிழைகள் விழுகின்றன. அதாவது நூற்றுக்கு இருநூறு! இலக்கணம் அறிந்த ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்து, “எழுத்து எழுத்தாகவும் எண்ணிப் பார்த்தீர்களா?” என்று வினவுவாரானால், அந்த ஒரு வினாவினால் அட்டவணை முழுவதையும் திருத்த நேரிடலாம்.

அதைவிடக் கடுமையான வினா தரவைப் பற்றியது. பயிற்சியில் பேசியவர்களின் குரலே சோதனையிலும் இடம்பெற்றுவிட்டால், வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய மாணவனைப் போல மாடல் மதிப்பெண்ணைக் குவித்துவிடும். பேச்சாளர்களையே இரு பிரிவாக முற்றும் பிரித்து வைத்தல் இதற்குப் பரிகாரம். செய்தி வாசிப்பவரின் குரலில் மட்டும் பயின்ற மாடல், மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கும் அம்மாளின் பேச்சைப் புரிந்துகொள்ளுமா என்ற ஐயமும் நியாயமானதே. ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு, 22 இந்திய மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரிடம் 7,348 மணி நேரப் பேச்சைத் திரட்டி 2024இல் வெளியிட்ட தொகுப்பில், ஏட்டைப் பார்த்துப் படித்தது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் தாமாகப் பேசியதும் உரையாடியதும். அந்த உழைப்பின் அருமை, இத்தகைய ஐயங்களைக் கேட்டறிந்தவர்களுக்கே நன்கு விளங்கும்.

பேச வருகிற மாணவர் தம் மாடல் தோற்ற உதாரணங்களையும் தாமாகவே இரண்டு ஸ்லைடுகளிலாவது காட்டுவாரானால், சபையின் நம்பிக்கை அவர்பால் பெருகும். “இதை நான் இன்னும் சோதிக்கவில்லை” என்ற பதிலை இழுக்காகக் கருத வேண்டுவதில்லை. கைடாக வீற்றிருக்கும் பேராசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு: மாணவர் திகைத்து நிற்கும் அந்தச் சில விநாடிகளில், பரிவினாலேகூட, அவருக்காகத் தாங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.