‘க்ளோஸ்டு வொன்’ ஆச்சு, காசு வரல: சிஆர்எம் பழக ஒரு ரிஷிவந்தியம் கணக்கு

சேல்ஸ்ஃபோர்ஸ், ஜோஹோ மாதிரி சிஆர்எம் மென்பொருள் கத்துக்கணும்னா இன்னைக்குப் பணம் கட்டியே ஆகணும்னு இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸின் ட்ரெயில்ஹெட் 2014-லிருந்து இலவசம். டெவலப்பர் எடிஷன் என்ற பயிற்சிக் கணக்கும் இலவசம். ஆனால் பாடத்தில் சொன்னபடி பட்டனை அழுத்தி பேட்ஜ் வாங்குவது வேறு, ஒரு வியாபாரத்தை மென்பொருளுக்குள் கொண்டுவருவது வேறு. நேர்முகத்தில் கேட்பது இரண்டாவதைத்தான்: “நீங்களா என்ன செஞ்சீங்க?”

செய்து பழகுவது நமக்குப் புதிதல்ல. கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலையோடு சேர்த்தே கற்றுத்தரும் பள்ளியை ஜோஹோ பல வருஷமாக நடத்துகிறது. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகமும் வைத்திருக்கிறது. பள்ளியில் சேராதவர்களுக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கு. தேவை, தெரிந்த ஒரு வியாபாரம்.

ரிஷிவந்தியம் கடைவீதியில் ஒரு மோட்டார், பைப் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்க. கரும்பு விவசாயி ஒருவர் நீர்மூழ்கி மோட்டார் வாங்குகிறார். விலை 40,000 ரூபாய். 10,000 முன்பணம், மீதி “வெட்டு முடிஞ்சு ஆலைக்காசு வந்ததும்”.

இதை சேல்ஸ்ஃபோர்ஸில் போட்டால் முதல் முட்டு அங்கேயே வரும். ஒரு விற்பனைக்கு அங்கே ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்று பெயர் (ஜோஹோவில் ‘டீல்’). சரக்கு கைமாறியதும் ‘க்ளோஸ்டு வொன்’ என்று முடித்துவிடலாம். அறிக்கையில் 40,000 ரூபாய் வெற்றி. கல்லாவில் 10,000. கடைக்காரருக்கு இந்த வியாபாரம் முடியவில்லை, இப்போதுதான் தொடங்குது.

மீதி எப்போ வரும்? மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகள் பட்டுவாடா செய்யும் நாளைப் பொறுத்தது. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரணும் என்கிறது 1966-ஆம் வருஷக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. தமிழ்நாட்டில் நிலுவைக்காக விவசாயிகள் போராடிய வருஷங்கள் பல. ஆகவே கெடுத்தேதி மாறக்கூடியது என்பதையும் மென்பொருள் தாங்கணும்.

செய்முறை இதுதான்:

1. ‘தவணை’ என்று ஒரு கஸ்டம் ஆப்ஜெக்ட். அதில் தொகை, கெடுத்தேதி, வந்துதா இல்லையா.

2. அதை ஆப்பர்ச்சூனிட்டியோடு ‘மாஸ்டர்-டீடெயில்’ உறவில் இணையுங்க. சாதாரண ‘லுக்கப்’ போட்டால், வந்த தவணைகளைத் தானாகக் கூட்டும் ‘ரோல்-அப் சம்மரி’ கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: மாஸ்டரை அழித்தால் தவணைகளும் கூடவே அழியும்.

3. மொத்தத் தொகையிலிருந்து அந்தக் கூட்டுத்தொகையைக் கழிக்கும் ஃபார்முலா ஃபீல்டு. இதுதான் ‘பாக்கி’.

4. கெடு தாண்டிய தவணைகளைத் தினமும் காலையில் தேடி, கடைப் பையனுக்கு ஒரு ‘டாஸ்க்’ போடும் ஃப்ளோ.

நாலாவதை ஓடவிட்டு பத்து நாள் சும்மா இருங்க. ஒரே விவசாயிக்குப் பத்து டாஸ்க் நிற்கும். கெடு தினமும்தானே தாண்டியிருக்கு! ‘நினைவூட்டல் போட்டாச்சு’ என்று ஒரு செக்பாக்ஸ் சேர்த்து, ஃப்ளோ அதைப் பார்த்துவிட்டுப் போகும்படி மாற்றணும். கெடுத்தேதியை மாற்றினால் அந்த டிக்கையும் எடுக்கணும். எந்த பேட்ஜும் தராத பாடம் இது.

அடுத்தது பெயர்கள். ஒரே ஊரில் நாலு ஏழுமலை. மின்னஞ்சல் கிடையாது. அப்பா, மகன், மருமகள் மூணு பேருக்கும் ஒரே போன் நம்பர். கடைக்காரர் அப்பா பெயர், தெரு, பட்டப்பெயர் வைத்து ஆளைப் பிரிப்பார். சிஆர்எம்முக்கு அது தெரியாது. குடும்பத்தை ‘அக்கவுன்ட்’ ஆக்கி, ஆட்களை அதன் கீழ் ‘கான்டாக்ட்’ ஆக்கினால் கடன் யார் வீட்டுக் கணக்கில் இருக்குன்னு தெளிவாகும். ஏன் அப்படிப் பிரிச்சீங்க என்று ஒரு பக்கம் எழுதி வையுங்க. நேர்முகத்தில் திரையை விட அந்தப் பக்கம் உதவும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய வீடியோக்களில் வரும் வொர்க்ஃப்ளோ ரூல், ப்ராசஸ் பில்டர் இரண்டுக்கும் 2025 டிசம்பர் 31-தான் ஆதரவுக்குக் கடைசி நாள் என்று சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. நேராக ஃப்ளோ படியுங்க. இரண்டாவது, பயிற்சிக் கணக்கில் உண்மையான ஆட்களின் பெயரையும் நம்பரையும் ஏற்றாதீங்க. கடன் வைத்திருப்பவர் பட்டியல் ஊரில் கசிந்தால் அது மானப் பிரச்சினை. முப்பது கற்பனைப் பெயர் போதும்.

இது முடிந்தால் அடுத்த பயிற்சி சொட்டுநீர்க் கடை. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் அரசு மானியம். வாங்குபவர் ஒருவர், பணம் தருபவர் இன்னொருவர். அதற்கு எத்தனை ஸ்டேஜ் வேணும்னு முதலில் தாளில் எழுதிப் பாருங்க.