வேலணைக் காணியும் 'கடலுக்கு அப்பால்' என்ற சட்டச் சொல்லும்

நெடுந்தீவு ஆட்களுக்குக் கடல் கடப்பது அன்றாட வேலை. குறிகட்டுவானில் படகு ஏறினால் மறுகரையில் ஊர். ஆனால் 'கடலுக்கு அப்பால்' என்பதற்குச் சட்டத்தில் வேறு பொருள் உண்டு. எங்கள் வேலணைக் காணியால்தான் அதை அறிந்தேன்.

அண்ணன் 1988 இல் கனடா போய்விட்டார். 1990 ஆகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்க, நாங்கள் வெளியேறி வன்னி சேர்ந்தோம். 2002 இல் ஒருவர் எங்கள் காணியில் குடியேறினார். 2016 இல் போய்க் கேட்டபோது, "பத்து வருசம் தாண்டிட்டுது தம்பி, ஆட்சி உறுதி முடிச்சிட்டன்" என்றார்.

அந்தப் பத்து வருடம் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. உரிமையாளரை ஏற்காமல், வாடகை கொடுக்காமல், இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டவர் நீதிமன்றில் உரிமை கோரலாம். அனுமதியோடு இருந்தவருக்கு இது எளிதில் பொருந்தாது. ஆட்சி உறுதி எழுதியதால் மட்டும் உரிமை வந்துவிடாது. அதை நிரூபிக்க வேண்டும்.

வழக்கிடும் உரிமை தோன்றிய நாளில் உரிமையாளர் சிறுபிள்ளையாகவோ, சித்த சுவாதீனம் அற்றவராகவோ, 'கடலுக்கு அப்பால்' இருப்பவராகவோ இருந்தால், அந்த நிலை நீங்கும்வரை காலம் அவருக்கு எதிராக ஓடாது. இந்தச் சொல் 1623 ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்திலேயே உண்டு. பாய்க்கப்பல் காலத்தில் தூரதேசம் போனவர் ஊர் திரும்பி வழக்கிட மாதக்கணக்காகும். ஆங்கிலேயர் அதை இங்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் முப்பது வருட ஆட்சிக்குமுன் இந்த விலக்கும் செல்லாது. 1996 இல் பிறர் புகுந்த காணிக்கு அது 2026 இல் நிறைகிறது.

அண்ணனின் பங்கை அந்தப் பழைய சொல் காக்கிறது. வன்னியில் இருந்த எனக்கு அது உதவாது. எனக்கும் வேலணைக்கும் இடையில் இருந்தது போர். 1623 இன் சட்டத்தில் அதற்குச் சொல் இல்லை.

2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்கிட வேண்டியிருந்தது. அதோடு, ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் போக முடியாதவர்களையே அது குறிப்பிடுகிறது. இராணுவ நடவடிக்கையால் ஊரைவிட்ட எங்களுக்கு அது பொருந்துமா என்பதே இப்போது வாதம். 2017 இல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை.

உங்கள் காணியிலும் பிறர் இருந்தால் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்: அவர் எப்போது வந்தார், யாருடைய அனுமதியோடு வந்தார், அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்.