தோளில் ஒரு காக்கை அலகு

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மான்குர்த் பகுதியைச் சேர்ந்த சகோதரி ஒருவர், "கொண்டை போட வலது கை எழும்ப மாட்டேங்குது அண்ணா. நாளைக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவரிடம் போகிறேன்" என்றார். "உங்களுக்குச் சர்க்கரை உண்டா?" என்று கேட்டேன். "பன்னிரண்டு வருஷமாக" என்றார். போகவேண்டாம் என்று அன்றைக்கே தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். 2017 ஜூலையில் ஒரு நாள் காலை ஹார்பர் லோக்கல் கூட்டத்தில் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். இடது கை பாதியில் நின்றுவிட்டது. வலி அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தது. இடது பக்கம் என்பதால் வீட்டில் பயந்து ஈ.சி.ஜி. எடுக்க வைத்தார்கள். அது நியாயமான பயம்தான். இடது தோளில் திடீர் வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சில் பாரம் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். எனக்கு இருதயத்தில் கோளாறு இல்லை. "அப்படியானால் வாயுப் பிடிப்பு" என்று நாங்களே தீர்மானித்தோம். ஒருவர் எண்ணெய் தேய்த்து, கையைப் பின்னால் கொண்டுபோய் முறுக்கினார். அன்று இரவு உட்கார்ந்தே விடிந்தது. அதன்பின் சட்டை மாட்டிவிடவும் மனைவி வரவேண்டியதாயிற்று.

கடைசியில் செம்பூரில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் காறை எலும்பின் வெளிமுனைக்குச் சற்றுக் கீழே, மார்பும் தோளும் சேரும் குழியில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். கத்திவிட்டேன். அங்கே தோள்பட்டை எலும்பிலிருந்து முன்பக்கம் வளைந்து நீளும் சிறு கொக்கி ஒன்று இருக்கிறது. கோரகாய்டு என்று பெயர். கிரேக்க மொழியில் காக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பார்வைக்கும் காக்கை அலகுபோலத்தான் இருக்கும். சுண்டுவிரல் அளவுள்ள அந்த எலும்பில் மூன்று தசைகளும் பல நார்களும் வந்து கட்டியிருக்கின்றன. அதில் ஒரு நார் கைமூட்டின் பந்தோடு சேர்கிறது. அது தடித்துச் சுருங்கினால் கை வெளிப்பக்கம் திரும்பாது. தோள் இறுகிப்போகும் இந்த நோய்க்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று 1934-இல் பெயர் வைத்தவர் பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன். காக்கை அலகை அழுத்தினால், தோளின் மற்ற இடங்களைவிட அங்கே வலி மிகுதியாக இருப்பது இந்நோயின் அடையாளம் என்று இத்தாலிய மருத்துவர்கள் 2010-இல் எழுதினார்கள். நல்ல தோளிலும் அந்த இடம் அழுத்தினால் கொஞ்சம் வலிக்கும்; ஆகவே மறு தோளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொரு சோதனை எனக்கு உடனே புரிந்தது. தண்டவாளத்தில் பாயிண்ட் திரும்பவில்லை என்றால் கிராங்க் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்போம். சுற்றினால் திரும்புகிறதா, கோளாறு மோட்டாரில். சுற்றியும் திரும்பவில்லையா, நடுவே ஜல்லி சிக்கியிருக்கிறது. தோளும் அப்படித்தான். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளியே திருப்பச் சொல்வார்கள். நாம் திருப்ப முடியாமல், மருத்துவர் திருப்பினால் திரும்பினால் தசைநார் கிழிந்திருக்கலாம். அவர் திருப்பியும் திரும்பவில்லை என்றால் மூட்டின் உறையே இறுகிவிட்டது. என் கை இரண்டாவது ரகம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த நோயில் பெரும்பாலும் தெரியாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, குணமாகவும் நாளாகிறது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது! மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரவில் தூக்கம் வந்தது. ஆனால் நாலைந்து நாள் சர்க்கரை ஏறியது. இதை முன்கூட்டியே சொல்லி எச்சரித்திருந்தார்கள். பிறகு பயிற்சி. மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கடிகார ஊசல்போல ஆடவிடுவது. குடைக் கம்பை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக வெளியே தள்ளுவது. சுவரில் விரல்களை ஏறவிடுவது. வலி தாங்கும் எல்லைவரைதான். முறுக்கி உடைக்கிற வைத்தியம் வீக்கத்தையே கூட்டும். பதினான்கு மாதம் ஆயிற்று. சிலருக்கு இரண்டு மூன்று வருடமும் ஆகும்.

இளைஞர்களின் கதை வேறு. எங்கள் தெருவில் கபடி ஆடும் பையன் ஒருவனுக்குத் தோள் மூன்று முறை நழுவியது. அவனுக்குச் செய்த ஆபரேஷனில் இதே காக்கை அலகை நறுக்கி, அதில் கட்டிய தசைநாரோடு மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்கள். லடார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1954-இல் சொன்ன முறை இது. நழுவிய தோளைத் தெருவில் யாரும் இழுத்துப் போடக்கூடாது, நரம்பு போய்விடும்.

அந்தச் சகோதரி மருத்துவரிடம் போய்விட்டார். அவருக்கும் ஃப்ரோசன் ஷோல்டர்தான். ஊசி போட்டாயிற்று, பயிற்சி நடக்கிறது. கொண்டை இப்போதைக்கு மகள் போட்டுவிடுகிறாள். எனக்கு இடது கை லோக்கல் கைப்பிடியை எட்டுகிறது. பரண் மட்டும் இன்னும் எட்டவில்லை, ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன்.