பழைய ஐபாடில் உள்ள பாடல்களைக் கணினியில் சேமித்தல்

2001ஆம் ஆண்டு அறிமுகமான ஐபாட் கருவியின் தயாரிப்பு 2022இல் நிறுத்தப்பட்டது. எனினும், குறுந்தட்டுகளிலிருந்து சேர்த்த பக்திப் பாடல்களும் திரையிசையும் பல இல்லங்களில் இன்று அக்கருவியில் மட்டுமே எஞ்சியுள்ளன. கருவி முற்றிலும் செயலிழக்குமுன் அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்வது நன்று.

எச்சரிக்கை: வேறொரு கணினியில் இணைக்கும்போது, ஐபாடில் உள்ளவற்றை அழித்து ஒத்திசைக்கலாமா என ஐடியூன்ஸ் செயலி வினவக்கூடும். இசைந்தால் பாடல்கள் அனைத்தும் அழிந்துவிடும். ரத்துசெய்யும் பொத்தானையே அழுத்துதல் வேண்டும்.

விண்டோஸ் கணினியில் செய்யவேண்டியவை:

1. ஐபாடை இணைக்குமுன், ஐடியூன்ஸ் விருப்பத்தெரிவுகளில் தானியங்கி ஒத்திசைவைத் தடுத்தல்.
2. இணைத்தபின், கருவியின் சுருக்கப் பக்கத்தில் அதனை வட்டாகப் பயன்படுத்தும் தெரிவைக் குறியிடுதல்.
3. கோப்பு உலாவியில் மறைந்த கோப்புகள் தோன்றுமாறு செய்தல்.
4. ‘ஐபாட் கண்ட்ரோல்’ கோப்புறையினுள் உள்ள ‘மியூசிக்’ கோப்புறையை நகலெடுத்தல். எதனையும் வெட்டி நகர்த்தலாகாது.
5. நகலை ஐடியூன்ஸ் நூலகத்தில் சேர்த்தல்.

கோப்புகளின் பெயர்கள் பொருளற்ற நான்கு எழுத்துகளாகத் தோன்றும். அதனால் கலங்க வேண்டியதில்லை. பாடலின் பெயரும் பாடகர் பெயரும் கோப்பினுள்ளேயே பதிவாகியிருப்பின், நூலகத்தில் சேர்த்ததும் அவை தெரியும்.

இம்முறை ஐபாட் டச் வகைக்குப் பொருந்தாது. மேக் கணினிக்கென வடிவமைக்கப்பட்ட ஐபாடை மேக் கணினியிலேயே திறத்தல் வேண்டும்.

சில பாடல்களை ஒலிக்கச்செய்து சரிபார்த்து, மற்றொரு நகலை வெளிவட்டு ஒன்றிலும் வைத்தபின்னரே கருவியைக் கைவிடலாம். உதவி நாடுவோர் நூலகத்திற்கு வரும்போது ஐபாடுடன் அதன் இணைப்பு வடத்தையும் கொண்டுவருதல் வேண்டும்.