எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை: துணைக்கு யாரைத் தேடுவது?

 

உடல் பருமனோடு சர்க்கரை நோயும் சேர்ந்து அவதிப்படும் சிலர், மருத்துவரின் ஆலோசனைப்படி எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். ஊர் கேலி பேசுமோ என்று அஞ்சி, 'வயிற்றில் சின்ன ஆபரேஷன்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஊரிடம் சொல்லாமல் இருப்பது அவரவர் விருப்பம். ஆனால், யாரிடமும் பேசாமல் தனியாகத் தவிப்பது நல்லதல்ல.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றிவிடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பேணுதல் ஆயுள் முழுவதும் வேண்டும். முதலில் திரவ உணவு, பிறகு கூழ், அதன்பின் மென்மையான உணவு என்று படிப்படியாகத்தான் வரவேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிட்டால், நாளடைவில் இரத்தசோகையும் எலும்பு, நரம்பு பாதிப்பும் வரக்கூடும். சில மாதங்களில் முடி கொட்டுவதும் உண்டு. அந்த நேரத்தில், "எனக்கும் கொட்டியது, பிறகு வளர்ந்துவிட்டது" என்று அதே பாதையில் போய்வந்த ஒருவர் சொல்வது பெரிய ஆறுதல்.

அத்தகையவர்களை எங்கே தேடுவது? முதலில் உங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடமே கேளுங்கள். இச்சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகள் சந்திப்பும் வாட்ஸ்அப் குழுவும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. சேரும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. மருத்துவரோ உணவியல் நிபுணரோ பொறுப்பில் இருக்கிறாரா?

2. பவுடர், லேகியம் விற்கிறார்களா? அப்படியானால் விலகிவிடுங்கள்.

3. இளைத்த படங்களை மட்டும் காட்டுகிறார்களா, பட்ட சிரமங்களையும் சொல்கிறார்களா?

4. பெண்களுக்குத் தனிக் குழு உண்டா? உங்கள் புகைப்படத்தையும் மருத்துவ அறிக்கையையும் பொதுவில் போட வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு வந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி பல நாள் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து, மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். பெண்கள் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வலீமா விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, நாலு வாயோடு நிறுத்துபவரை, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க மச்சான்" என்று வற்புறுத்துவதை அன்பு என்று நினைக்கிறோம். அவருக்கோ அது வேதனை; மீறிச் சாப்பிட்டால் வாந்திதான். இனிப்பும் பலருக்குத் தலைசுற்றலையும் படபடப்பையும் தரும். நோன்பு விஷயத்திலும் அப்படியே. ஆரம்ப மாதங்களில் சிறுகச் சிறுக நாள் முழுவதும் தண்ணீர் அருந்த வேண்டியிருக்கும். எனவே ரமலானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்து பேசி முடிவெடுங்கள். நோன்பு வைக்காதவரிடம் காரணம் கேட்டுத் துருவ வேண்டாம்.

வெளியே எத்தனை குழு இருந்தாலும், வீட்டில் இருப்பவர்களே முதல் துணை. அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன்.